நின்ற இடத்தில் ஓடிய நாள்

மன்னார், புத்தளம், சிலாபம் என்று வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்து பார்த்துவிட்டேன். என் மூச்சை அளந்து பார்க்க வேண்டுமென்று யாருக்காவது தோன்றியது அந்த ஒரு முறைதான்.

டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோயிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஓட்டக்காரப் பிள்ளைகளைச் சோதிக்கப் போகிறார்கள் என்று விளையாட்டு வாத்தியார் சொன்னார். தேறுகிற ஒருவருக்குக் கொழும்பு விடுதியில் இடம். சப்பாத்து, படிப்பு, மூன்று நேரச் சாப்பாடு. எங்கள் வீட்டில் மூன்று நேரம் என்பது அப்போது பேச்சில்தான் இருந்தது.

தொண்டைமானாற்றிலிருந்து அண்ணையைக் கரியரில் ஏற்றிக்கொண்டு விடியமுன்னமே சைக்கிளை மிதித்தேன். அண்ணையால் மிதிக்க முடியாது. சின்ன வயதில் வன்னிச் சண்டையில் செல் வெடித்துக் காயப்பட்ட வலது கால், முழங்காலில் மடங்காது. பெரிய ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்றிருந்தார்கள். வீட்டில் பெரிய ஆள் அவர்தான்.

அங்கே நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் மெசின் ஒன்று இருந்தது. மூக்கையும் வாயையும் மூடி றப்பர் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய். முதலில் எல்லோருக்கும் ஒரே வேகம். யாருடைய உடம்பு குறைந்த ஒட்சிசனில் அதைச் சமாளிக்கிறது என்று பார்த்தார்கள். பொறுப்பாக நின்ற மிஸ் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இவர் சரியான கஞ்சன். எல்லாரிலும் குறைவாத்தான் செலவழிக்கிறார்."

"அது வீட்டுப் பழக்கம், மிஸ்" என்றார் சுவரோடு நின்ற அண்ணை.

இரண்டாவது சோதனையில் வேகம் கூடிக்கொண்டே போகும். இனி ஏலாது என்றால் கையைத் தூக்க வேண்டும். உடம்பு ஆகக் கூடியது எவ்வளவு ஒட்சிசன் இழுக்கும் என்று அதில்தான் தெரியும், இடமும் அதை வைத்துத்தான் என்று மிஸ் விளக்கமாகவே சொன்னார். எனக்கு முன் ஓடிய கொக்குவில் பெடியன் இறங்கி வாளிக்குள் சத்தியெடுத்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். அவனுக்கு வீடு பக்கத்தில்.

நான் ஏறினேன். வேகம் கூடக் கூட, வீடு திரும்பும் வழியில் அச்சுவேலிக்கு அங்கால் உள்ள வெட்டவெளிதான் கண்ணில் வந்தது. பின்னேரம் அதில் எதிர்க்காற்று. கரியரில் அண்ணை. நெஞ்சில் மூச்சு இருக்கும்போதே கையைத் தூக்கினேன்.

"தம்பி, உம்மட்டை இன்னும் மூச்சு இருந்தது. ஏன் நிப்பாட்டினீர்?"

"களைச்சுப்போனன், மிஸ்."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை என்னை மட்டும் பார்த்தார். இடம் கொக்குவில் பெடியனுக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் வெளி தொடங்கியதும் காற்று முகத்தில் அடித்தது.

"நிப்பாட்டு" என்று அண்ணை இறங்கினார். "நான் நடந்து வாறன். நீ போ."

"உந்தக் காலோடை எப்பிடி நடப்பியள்?"

"போ எண்டு சொன்னனான்."

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மடங்காத காலை அரைவட்டமாக வீசி வீசி வந்துகொண்டிருந்தார். இடத்தைத் தவறவிட்டவனோடு ஒரே சைக்கிளில் இருக்கவும் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. தொண்டைமானாற்றுப் பாலம் கடந்து, வீடுகள் தொடங்கும் இடம்வரை நிற்காமல் மிதித்து, அங்கே இறங்கி நின்றேன்.

அவர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"இனிக் காத்து இல்லை. என்னை இழுக்கலாம். மிதி" என்றார்.

காற்றைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டு நான் மிதித்தேன்.