நடந்து வருகிறவர்களுக்கு ஒரு கதவு

கொடைக்கானலில் ஒரு பெரிய ரிசார்ட்டின் கேட்டில் நான் செக்யூரிட்டி. சொந்த ஊர் கீழே அய்யம்பாளையம். கேட்டில் நிற்கிறவனுக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் கேட்டில் இரண்டு வழி. காருக்குக் குறுக்கே ஒரு நீளக் கம்பி. அதைத் தூக்குகிற பட்டன் என் கையில். காரை நிறுத்தவே கூடாது, கெஸ்ட் முகம் சுளிக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. கம்பியைத் தூக்கு, சல்யூட் அடி, அவ்வளவுதான். நடந்து வருகிறவனுக்கு ஓரமாக ஒரு சின்னக் கதவு. அதைத் திறக்க எனக்கே அதிகாரம் கிடையாது. டேப்லெட்டில் பெயர், நம்பர், போட்டோ எல்லாம் கொடுத்து, அவன் போனுக்கு ஓடிபி வந்து, அதைத் தட்டினால்தான் அது தானாகத் திறக்கும். சென்னையிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். மேகம் இறங்கினால் இங்கே டவர் போய்விடும் என்று அப்போதே சொன்னேன். "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்" என்றார் மேனேஜர். நல்லாப் பார்த்தது!

அன்றைக்கு எதிரே நிற்கிற மரம் தெரியாத அளவுக்கு மேகம். மழை வேறு. ஒருத்தர் ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருத்தியின் வீட்டுக்காரர். பூண்டியில் பூண்டு வயலில் வேலை பார்க்கிறவர். முழங்கால் வரைக்கும் சேறு.

"அண்ணே, பாப்பா மேல வெந்நி கொட்டிருச்சுண்ணே. இங்க ஆஸ்பத்திரியில கெடக்கா. மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் கெளம்பப் போகுது. அம்மா அம்மான்னு கத்துறாண்ணே. எம் பொண்டாட்டிய வெரசா வரச் சொல்லுங்க."

வேலை நேரத்தில் எங்கள் ஆட்களின் போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். இன்டர்காமில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"செக்அவுட் நேரம், ஆள அனுப்ப முடியாது. அவர என்ட்ரி போட்டு உள்ள விடுங்க, வந்து பேசட்டும்."

"டவர் இல்ல மேடம், ஓடிபி வர மாட்டேங்குது. புள்ள வெந்து கெடக்கு மேடம்."

"ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல?" வைத்துவிட்டார். நாசமாய்ப் போன ப்ரொசீஜர்!

அந்த மனிதர் மழையில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடந்தார். டவர் ஒரு கோடும் ஏறவில்லை. அதற்குள் கார் மேல் கார் வந்தது. ஒன்றில் பாட்டு அலறியது. உள்ளே இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கம்பியைத் தூக்கினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கம்பிக்குக் கீழ குனிஞ்சு ஓடிரவாண்ணே?"

ஓடினால் உள்ளே நிற்கிற ஆட்கள் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து வெளியே தள்ளுவார்கள். பிறகு அவளைப் பார்த்த மாதிரிதான். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"ஏப்பா, ரோட்டுக்குப் போயி ஒரு டாக்ஸியப் புடி. பின் சீட்ல ஒக்காந்து கண்ணாடிய ஏத்திக்க. அப்படியே உள்ள வா."

அவர் திருதிருவென்று முழித்தார்.

"என் மூஞ்சியில என்ன எழுதியா இருக்கு? போப்பா!"

டாக்ஸி வந்தது. கம்பியைத் தூக்கினேன். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தே சல்யூட் அடித்தேன். போர்ட்டிகோவில் ஒரு பையன் ஓடி வந்து கார் கதவைத் திறந்து, சேற்றுக்காலோடு இறங்கியவருக்குக் குடை பிடித்தானாம். ரிசப்ஷனில் பெண்டாட்டி பெயரைச் சொன்னதும் "ஒன் மினிட் சார்" என்று ஆளை வரவழைத்துவிட்டார்களாம். சார்! கேட்டுக்கு நடந்து வந்தபோது அவருக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

அவள் யூனிபார்மோடு அதே டாக்ஸியில் ஏறிப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்தான் பாப்பாவோடு போயிருந்தாள். டாக்ஸிக்காரர் நல்ல மனுஷன், விரட்டிக்கொண்டு போய்ப் பெருமாள்மலையில் முன்னால் மறித்து நிறுத்தி அவளை ஏற்றிவிட்டார். அதுவரைக்கும் கத்திக் கத்திப் பாப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த மலைப்பாதையில் அவள் தாய் இல்லாமல் கத்தினாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். ரிசப்ஷன் கேமராவில் அந்த ஆளைப் பார்த்திருக்கிறார்.

"யாருங்க இது? என்ட்ரியே இல்ல. எப்படி உள்ள வந்தான்?"

"கார்ல வந்தாரு சார்."

கேட் கேமராவை ஓட்டிப் பார்த்தார். டாக்ஸி வந்தது, கம்பி ஏறியது, என் கை நெற்றிக்குப் போனது. அவர் முகம் தெளிந்தது.

"ஓ, கார்லயா? அப்ப சரி."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"என்ன சார் சரி? ஒரு தாய் தன் புள்ளகிட்டப் போறதுக்கு வாசல்ல டாக்ஸி வந்து நிக்கணுமா? அந்தாளு நடந்து வந்தப்பவும் தகப்பன்தான சார்?"

மேனேஜர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கேட்ல ஆள் இல்ல பாருங்க. போயி நில்லுங்க."