தவிட்டு ஒத்தடம்

தவிடு வறுபடும் வாசனை வந்தால் இன்றும் நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அண்ணனுக்கு முட்டி வீங்கும்போதெல்லாம் அம்மா தவிட்டை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தருவாள். ஒத்தடம் கொடுப்பது என் வேலை. “நல்லா அழுத்திக் குடுடி, நீர் எறங்கட்டும்” என்பாள். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்கு இருபது. இருக்கிற பாசத்தையெல்லாம் கையில் வைத்து அழுத்துவேன். மறுநாள் முட்டி இன்னும் பெருத்திருக்கும். உடனே அடுத்த மூட்டை வறுபடும்.

ரேடியோ ரிப்பேர் கடையில் அண்ணனுக்கு வேலை. சிறு வயதில் ஒரு பல் பிடுங்கியதற்கே அவனுக்கு நாலு நாள் ரத்தம் நிற்கவில்லை. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போகப் போக அவன் வலியை மறைக்க ஆரம்பித்தான். காலை மடக்க முடியாமல் வந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல பாப்பா, நின்னுக்கினே வேலை பார்த்தேன்” என்பான். எனக்குப் பொய் பிடிக்காது. நேரே போய் அம்மாவிடம் போட்டுக் கொடுப்பேன். எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஒருமுறை வீக்கம் தொடைவரை ஏறியது. விழுப்புரத்துக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் பல் கதையைக் கேட்டதும் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். ஹீமோபிலியா என்று வந்தது. ரத்தம் சீக்கிரம் உறையாதாம், முட்டிக்குள்ளேயே கசிகிறதாம். “சூடு வெச்சா இன்னும் கசியும்மா. அழுத்தவே கூடாது. ஐஸ் வைங்க” என்றவர், அண்ணனிடம், “வலி ஆரம்பிச்சதுமே சொல்லிடணும்பா” என்றார். வெளியே வந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் பாய்தான் ஐஸ் கொடுத்தார். ஒருநாள் வீட்டுக்கே எடுத்து வந்தார். “மீன் நாத்தம் அடிக்குது பாய், என்னையும் எடை போட்டு வித்துடப் போறீங்க” என்றான் அண்ணன். “உன்ன எவன் தம்பி வாங்குவான்? வெறும் முள்ளுதான் கீது” என்றார் பாய்.

ஐஸ் வந்த பிறகும் அண்ணன் தானாக வாய் திறக்கவில்லை. போட்டுக் கொடுத்து, சூட்டோடு அழுத்திய என்னிடம்தான் அவனுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். நானும் கோள் சொல்வதை விட்டேன். சொல்வானா என்று காத்திருந்தேன். மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் கடையிலிருந்து பாதியில் வந்தவன், வாசலிலிருந்தே கூப்பிட்டான்: “பாப்பா, வலிக்குது. ஜல்தி ஐஸ் வாங்கிக்கினு வா.” மார்க்கெட் வரைக்கும் ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் ஓடியதில்லை.

அண்ணன் போய்ப் பல வருடம் ஆகிறது. கசிவை நிறுத்தும் ஊசி இப்போது பக்கத்தில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியிலேயே போடுகிறார்களாம். கேட்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஐஸ் தட்டு காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, நிரப்பி வைத்துவிடுவேன். “யாருக்கு அத்தை இவ்ளோ ஐஸு?” என்று மருமகள் கேட்டாள்.

“எங்க அண்ணனுக்கு” என்றேன்.