பாரிசில் ஒரு கோயில் வாசல்

சிட்னியின் லிட்கம் பகுதியில் மகளின் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறது. பாரிஸ் நகரத்து மாதா கோயிலுக்கு முன்னால் எடுத்தது. மகள், மருமகன், தள்ளுவண்டியில் பேத்தி, ஓரத்தில் நான். மற்ற எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தடியில் நின்று, "அங்கிள் பாரிசெல்லாம் பாத்திட்டார், குடுத்து வைச்சவர்" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவேன்.

அந்த நகரத்தில் நான் பார்க்க விரும்பியது என் அக்காவை மட்டும்தான்.

ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி அப்பா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, வீட்டில் அவரோடு சண்டை போட்டவள் அவள் ஒருத்திதான். பிறகு அவளுக்கே ஒரு சண்டை வந்தது. நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் மன்னார்க் கரைக்கு வள்ளத்து எஞ்சின் திருத்த வந்த ஒரு சைவக்காரரைக் கலியாணம் செய்துகொண்டாள். அவளுடைய வாசற்படியைத் தன் பிள்ளைகள் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. உறவு முறிந்தவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள், ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசலாம். அது யாருடைய வீட்டு வாசலும் இல்லை என்பதால் யாருக்கும் மானம் போகாது. அக்கா கலியாணத்துக்குப் பிறகு கோயிலுக்குள் வருவதில்லை. பூசை முடிகிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பாள். நான் போய்ப் பேசுவேன். அப்பா மதிலோரம் நின்று தொண்டையைச் செருமுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பின்னர் நாட்டுச் சண்டை எல்லோரையும் கலைத்தது. அவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். நான் வேறொரு கடலால் இங்கே வந்து சேர்ந்தேன். அப்பா ஊரிலேயே செத்துப்போனார். அக்காவும் நானும் ஞாயிறு தவறாமல் போனில் பேசுவோம். பழைய கதையை இருவருமே எடுப்பதில்லை. அது அப்பாவோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அத்தான் இறந்தபோது பயணம் செய்ய என்னிடம் பாஸ்போட் இல்லை. அது கைக்கு வந்தபோது என் மனைவியும் செத்துப்போய்விட்டாள், அக்கா சிறுநீரகம் பழுதாகி இரத்தம் கழுவுகிற மெஷினில் ஏறத் தொடங்கிவிட்டாள்.

போன வருடம் மருமகனுக்கு லண்டனில் வேலை விசயமாகச் சில வாரங்கள் இருக்க வேண்டி வந்தது. மகளும் லீவு எடுத்தாள். "அப்பா, நீங்களும் வாங்கோ, உங்களுக்கும் ஒரு ஹொலிடே" என்றாள். பேத்தியைப் பார்க்க ஆள் தேவை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோசமாக ஓம் என்றேன். லண்டனிலிருந்து பாரிஸ் கிட்ட என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இங்கிருந்து புறப்பட முதலே மகளும் மருமகனும் மேசையில் கணினியை வைத்துக்கொண்டு பாரிசுக்கு ஒருநாள் பயணம் பார்த்தார்கள். காலையில் போய் இரவு திரும்புவது. வழிகாட்டி ஒருத்தர் கூடவே வந்து எல்லாம் காட்டுவார். நான் கதிரையின் பின்னால் நின்று, "அக்கா வீட்டை ஒருக்காப் போகேலுமோ?" என்று கேட்டேன்.

"அத்தை இருக்கிறது சிற்றிக்கு வெளியிலயெல்லே அப்பா. ரெயின் மாறி மாறிப் போகோணும். லண்டன் ரெயினை விட்டிட்டு நிக்கிறதோ?"

மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை. மரியாதை தெரிந்தவர். "மாமா, லஞ்சுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் ஃப்ரீயா விடுவாங்க. அத்தைய அங்கேயே வரச் சொல்லிடலாமே. அந்தப் பெரிய சர்ச் வாசல்ல. யாராலயும் மிஸ் பண்ண முடியாத இடம்" என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்தேன். பாரிசுக்கு வாறன் என்றதும் அவள் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னடா சாப்பிடுவாய்? நண்டு எடுப்பிக்கட்டோ? இஞ்சத்தை நண்டு நல்லாயிருக்கும்."

"அக்கா, எங்களை ஒரு ஆள் கூட்டிக்கொண்டு திரியுமாம். நிண்டு சாப்பிட நேரமில்லையாம். மத்தியானத்துக்குப் பிறகு மாதா கோயில் வாசலுக்கு நீ வந்தியெண்டால் பாக்கலாம்."



"கோயில் வாசலுக்கோ?"

"ஓம் அக்கா."

"வீட்டை வரமாட்டாய்?"

"நேரம் காணாதாம்."

"சரி தம்பி" என்றாள். அந்தச் சரியைக் கேட்டு எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அவளுக்குக் கால் எப்போதும் குளிரும் என்று சொல்லியிருந்தாள். பரமற்றாக் கடைத்தெருவுக்குப் போய்ச் செம்மறித் தோலில் செய்த வீட்டுச் செருப்பு ஒரு சோடி வாங்கினேன். விற்கிற பெண் அளவு கேட்டாள். என் கையை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். லண்டன் முழுக்க அந்தப் பையை நானே தூக்கித் திரிந்தேன்.

பாரிஸ் ஸ்டேசனில் வழிகாட்டிப் பெண் ஒரு செம்மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோர் கழுத்திலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, காதில் வயரைச் செருகிவிட்டாள். அவள் எங்கே நின்று பேசினாலும் எங்கள் காதுக்குள் கேட்டது. ராசாக்களின் கதை சொன்னாள், அவர்களின் கழுத்தை வெட்டிய கதை சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேகமான ஆங்கிலத்தில் எனக்குப் பாதியும் பிடிபடவில்லை. மற்றவர்கள் சிரித்து முடிகிற நேரம் நானும் சிரித்தேன். இரும்புக் கோபுரத்தைப் பேத்திக்கு நான்தான் காட்டினேன். அரண்மனையை வெளியில் நின்று பார்த்தோம். ஓரிடத்திலும் நிற்க விடவில்லை. செம்மஞ்சள் குடை போய்க்கொண்டே இருந்தது, நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருத்தினார்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ தமிழில் வெங்காயத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். கோப்பை கழுவுகிற ஆள் என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணை எந்த ஊர்?"

"மன்னார். இப்ப சிட்னி."

அக்கா இருக்கிற இடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அதிலதான் நானும் இருக்கிறன். கிட்டத்தானே அண்ணை. ஒரே ரெயின், மாறவே தேவையில்லை. எனக்கு இப்ப வேலை முடியுது. வாங்கோ, கொண்டுபோய் வீட்டு வாசல்லயே விடுறன்."

மாறி மாறிப் போகவேண்டும் என்று சொன்னது மகள். அவள் அதைப் பார்த்தே இருக்கவில்லை. என் அக்கா வீட்டுக்கு வழி பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. 

"இல்லைத் தம்பி, அவ கிட்னி மெஷினில ஏறுற ஆள், எண்டாலும் கோயிலடிக்கு வாறா. நான் அங்க போக, அவ இஞ்ச வந்து நிண்டால்?"

"வருத்தக்கார மனுசியை ஏன் அண்ணை றோட்டு றோட்டா அலைக்கிறியள்? நீங்களெல்லோ போகோணும்" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். நான் தலையாட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். பதில் வரும்போது கேட்ட ஆள் போயிருப்பார்.

கோயிலடியில் எங்களை விட்டார்கள். தீப்பிடித்துத் திருத்தின கோயில். கல்லெல்லாம் புதுசாகக் கழுவினதுபோல இருந்தது. மகளும் மருமகனும் கடை பார்க்கப் போனார்கள். பேத்தி வண்டியில் நித்திரை. நான் வாசலுக்கு நேரே, எந்தப் பக்கத்தால் வந்தாலும் தெரிகிற மாதிரி நின்றேன். காதுக்குள் வழிகாட்டி இன்னமும் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் தூரப் போகப் போகக் குரல் கரகரத்து, பிறகு நின்றுவிட்டது.

நான் சேலை உடுத்தின பெண்ணைத் தேடினேன். பிறகுதான் அவள் இப்போது சேலை உடுத்தமாட்டாள், குளிருக்குக் கோட்டுப் போட்டிருப்பாள் என்ற நினைவு வந்தது. அதற்குப் பிறகு கோட்டுப் போட்ட கறுத்த பெண்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். ஒருத்தி பயந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனாள். கோயிலுக்குள் போகிற வரிசை நகர்ந்தபடி இருந்தது. நான் உள்ளே போகவில்லை. பேத்தி எழும்பி அழுதாள். வண்டியை அந்தக் கல்லிலேயே முன்னும் பின்னும் தள்ளினேன்.

மகள் கையில் பைகளோடு வந்தாள்.

"அத்தை வரேல்லையோ? ஐயோ. சொறி அப்பா. வரேலாமப் போயிருக்கும். சரி, இதில நிண்டு ஒரு படம் எடுப்பம்."

வழிகாட்டிதான் எடுத்தாள். அதுதான் அந்தப் படம். பிறகு ஆற்றில் படகில் ஏற்றினார்கள். என் போன் அங்கே வேலை செய்யாது, மகள் தன் போனில் அக்காவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தாள். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. மெஷினில் ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்தேன். லண்டன் ரெயினுக்கு வரிசையில் நின்றபோதுதான் அக்கா எடுத்தாள்.

"அக்கா, உனக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கென்ன. வீட்டிலதான் இருக்கிறன்."

"நான் கோயிலடியில பாத்துக்கொண்டு நிண்டனான்."

"தெரியும்."

"ஏன் அக்கா வரேல்லை?"

 அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் அவரைக் கட்டின நாளில இருந்து கோயில் வாசல்லதானேடா நிண்டனான். அப்பா செத்திட்டார், அவரும் செத்திட்டார். இன்னும் எங்கட வாசப்படி உனக்குக் கூடாது என்ன?"

"அக்கா, அப்பிடி இல்லை. மருமகன்தான் அந்த இடத்தை..."

"நீ சொன்னனி, நான் கேட்டனான். வீட்டை வரமாட்டியோ எண்டும் கேட்டனான். நண்டுக்கறி வைச்சனான். கேட்ட பிறகும் வைச்சனான். எப்பிடியும் மனசு கேளாமல் வந்திடுவாய் எண்டு நினைச்சன்."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். மகள் பேத்தியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு, "அப்பா, உள்ளுக்குப் போகோணும், கெதியா" என்றாள். செருப்பு வாங்கி வந்ததை அக்காவிடம் சொன்னேன். தபாலில் அனுப்புகிறேன் என்றேன்.

"கொண்டு வந்து தராத சாமான் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரெயின் கடலுக்கடியில் ஓடியது. நானும் அந்த மன்னார்க் கரையில் பிறந்தவன். அந்த வாசலில் அவளோடு நின்று பேசினவனே நான்தான். கோயில் வாசலுக்கு வா என்று சொன்னால் அவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று மருமகனுக்குத் தெரிய வழியில்லை, மகளுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். யாரோ இடம் சொன்னார்கள், நான் அப்படியே போனில் ஒப்புவித்தேன். எதிர்ச் சீட்டில் மகள் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்ல நாள் என்ன அப்பா?" என்றாள். ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போன் எடுக்கிறேன். அக்காவும் எடுக்கிறாள். சுகமோ என்று கேட்பாள், சுகம் என்பேன். சிட்னியில் மழையோ என்பாள். முன்பெல்லாம் என்ன சமைத்தாய், எதற்கு இவ்வளவு உப்புப் போடுகிறாய் என்று திட்டுவாள். இப்போது அப்படி எதுவும் கேட்பதில்லை. பூசை முடிந்து வாசலில் நின்று பேசுகிற அளவு பேச்சு. யாரும் தொண்டையைச் செருமாமலே அது முடிந்துவிடுகிறது. நான் தனியே வாறன் என்று ஒருமுறை சொன்னேன். "உனக்கேன் வீண் அலைச்சல்" என்றாள்.

மகளிடமும் சொன்னேன். "அடுத்த முறை கட்டாயம் அத்தை வீட்டை போவம் அப்பா, புரொமிஸ்" என்றாள். அடுத்த முறை அவர்கள் ஜப்பானுக்குப் போவதாக இருக்கிறது.

செருப்புப் பை என் கட்டிலுக்கடியில் கிடந்தது. குளிர் தொடங்கிய கிழமை மகள் கூட்டும்போது அதைக் கண்டெடுத்தாள். "அப்பா, இது சும்மாதானே கிடக்குது. நான் போடட்டோ?" என்று கேட்டாள். கேட்கும்போதே ஒரு காலைப் போட்டுவிட்டாள். அளவு கொஞ்சம் பெரிது. பரவாயில்லை, கிடக்கட்டும் என்றாள். இப்போது காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் குசினிக்குள் வருகிறாள். செம்மறித் தோல் சத்தம் போடாது. நான் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். அவள் வந்துவிட்டாள் என்பது அவள் பேசினால்தான் தெரியும். நான் கீழே குனிந்து பார்ப்பதில்லை.