அத்தைக்காகச் சொன்ன பதில்

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் இந்தி எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா கட்டட வேலைக்குப் போனார், அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இருவரும் ஆத்தூர்ப் பக்கத்துத் தமிழை வைத்துக்கொண்டே டெல்லியில் காலம் தள்ளினார்கள். கரண்ட் பில், பள்ளிக்கூட நோட்டீஸ், ரேஷன் கடைப் பலகை எல்லாம் என் இலாகா. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்தி ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நடப்பாள். அப்படி நடந்தே தண்ணீர் லாரி வந்ததும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ் அதிகாரியின் வீட்டில் எட்டு வருடம் சமைத்தாள். காலையில் பஸ் பிடித்துப் போய், மதியம் திரும்பி, எங்களுக்கும் சமைத்து வைப்பாள். வீட்டில் யாரும் அவள் காலைப் பற்றிப் பேசியதில்லை. பேசுவதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்கும் தோன்றியதில்லை.

பிறகு அந்த அதிகாரிக்கு வேறு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மூன்றாவது மாடி. அத்தை நான்கு மாதம் ஏறி இறங்கினாள். ஒருநாள் படியில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. அந்த வீட்டு அம்மா மிகவும் நல்லவர். பழம் வாங்கிக்கொண்டு எங்கள் சந்து வரைக்கும் வந்து, இனி கஷ்டப்பட வேண்டாம் என்று அக்கறையாகச் சொல்லி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டுப் போனார்.

"மாசாமாசம் கவர்மெண்டு பென்ஷன் குடுக்குதாம். நம்ம சந்துலயே ரெண்டு பேரு வாங்குறாங்க. ஆஸ்பத்திரியில ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டா போதும்" என்றார் அப்பா.

"எனக்கு எதுக்குண்ணா அதெல்லாம்? இடுப்பு சரியானதும் வேற வீடு பாத்துக்குறேன்."

இடுப்பு சரியாகவில்லை. இரண்டு மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, "அந்த பாரத்தைக் கொண்டா கண்ணு" என்றாள்.

படிவத்துக்குப் புகைப்படம் வேண்டும், அதில் கால் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்டூடியோவில் அத்தை புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலை முழுதாக நான் பார்த்தது அன்றுதான். முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று போட்டோக்காரர் நாலைந்து முறை சொன்னார். அத்தை சுவரில் இருந்த திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், குழாயடியில் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். அவளுக்கு லீவு கிடைக்காது. அப்பாவுக்கு ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே அத்தையோடு நான் போவதென்று முடிவாகியிருந்தது.

"டாக்டரு என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடு. ஊனம் நாப்பது பர்சன்ட்டு இருந்தாத்தான் பணம் வருமாம். அத்தை வீம்பு புடிச்சவ, எதையாவது சொல்லிக் கெடுத்துக்குவா. நீதான் பாத்துக்கணும்."

எங்கள் பள்ளியில் முப்பத்துமூன்று எடுத்தால் பாஸ். இது நாற்பது. கொஞ்சம் கடினமான பரீட்சை என்று புரிந்துகொண்டேன். எவ்வளவு முடியாதோ அவ்வளவு மார்க்.

காலை ஏழு மணிக்குப் போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவரைப் பேரன் முதுகில் சுமந்துகொண்டு நின்றான். பின்னால் ஒரு தாய், கழுத்து நிற்காத பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும் நோட்டம் விட்டேன். அத்தைதான் இருப்பதிலேயே நன்றாக இருந்தாள். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். அவர்களில் இளையவர் அத்தையைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, டேப்பை வைத்து இரண்டு கால்களையும் அளந்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார். தன் உள்ளங்கையை வைத்து எதிர்த்துத் தள்ளச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். அத்தை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் இருந்த பெரிய டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வீட்டு வேலையெல்லாம் இவர்களே செய்துகொள்வார்களா என்று இந்தியில் என்னிடம் கேட்டார்.

நான் தமிழில் அத்தையிடம் கேட்டேன். அத்தை நிமிர்ந்து நின்றாள்.

"எல்லாம் நானே செய்வேன்னு சொல்லு. பத்து பேருக்குன்னாலும் சமைப்பேன். யாரு கையையும் எதிர்பார்த்ததில்லைன்னு சொல்லு."

அம்மா சொன்னபடியே ஆகிவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குச் நஹீன் கர் சக்தீ, சார்" என்றேன். ஒன்றுமே செய்ய முடியாது.

அவர் "அச்சா" என்றார். அந்த 'அச்சா' எனக்குப் போதவில்லை. அத்தை பாஸாக வேண்டுமே. சமைப்பது அம்மாதான், துணி துவைப்பது நான்தான், அத்தையைக் குளிப்பாட்டிவிடக்கூட ஆள் வேண்டும், பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் நாங்கள்தான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இளைய டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, நல்ல பெண் என்றார். அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அத்தை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். காலையிலிருந்து சாப்பிடாத களைப்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் குழாயடிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பாத்ரூம் பேச்சு வந்த இடத்தில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"கெட்டிக்காரிதான். ஆனா அத்தைகிட்ட இதைச் சொல்லிடாத."

சில வாரங்களில் சர்ட்டிபிகேட் வந்தது. அறுபது சதவீதம். நான் முதல் வகுப்பில் தேறியது போல் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருடங்கள் கழித்து, பக்கத்து வீட்டுப் பையனுக்காக அதே போன்ற ஓர் அறைக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. கால் எவ்வளவு குட்டை, தசைக்கு எவ்வளவு வலு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதற்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. பெரிய டாக்டர் கேட்டது கையெழுத்துப் போடும் நேரத்துப் பேச்சு. அத்தை சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தாலும் அறுபதுதான்.

அன்றைக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை குறைந்துபோனதுதான். முன்பெல்லாம் அத்தை, அந்த டப்பாவை எடு, இந்த வாளியைப் பிடி, கூட்டத்தில் தோளைக் கொடு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு எதையும் கேட்பதில்லை. கைக்கெட்டாததைக்கூட ஸ்டூல் போட்டு, சுவரைப் பிடித்து ஏறி, தானே எடுத்தாள். அத்தைக்கு உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விளையாட நிறைய நேரம் கிடைத்தது.

முதல் பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் அத்தையின் காலைப் பார்த்தார். மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, கட்டைவிரலைப் பிடித்து வைத்துவிடு என்றார். நான் அத்தையின் கையைப் பிடித்தேன். அத்தை கையை உருவிக்கொண்டாள்.

"ஹாத் டீக் ஹை, பையா. பேர் கராப் ஹை. பென் தீஜியே."

கை நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, கால்தான் சரியில்லை, பேனாவைக் கொடுங்கள். சிறு பிசிறு இல்லாத இந்தி. அதோடு நிற்காமல், பாஸ்புத்தகம் எப்போது கிடைக்கும், அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று அவரிடம் நாலு கேள்வி கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டாள். தமிழில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் அதை நடித்துக் காட்டினேன். "அத்தைக்கு எவ்ளோ நல்லா இந்தி வருது தெரியுமா! என்னைவிட நல்லாப் பேசுறாங்க!"

அப்பா சிரித்தார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்று அத்தையைப் பார்த்தாள்.

அத்தை தட்டிலிருந்து நிமிரவில்லை. "பதினஞ்சு வருசமா இந்த ஊர்ல இருக்கேன் கண்ணு. பேசலைன்னாலும் காதுல விழாமயா இருக்கும்?" என்றாள்.

அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தேன். பிறகு அதையும் மறந்துவிட்டு, அத்தையின் குரலிலேயே "பென் தீஜியே, பையா" என்று இன்னொரு தரம் சொல்லிக் காட்டி, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.