முன்னால் நிற்பவரின் பெயர்

சென்ற ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். இங்கே இத்தாலியில், பலெர்மோவைச் சுற்றியிருந்த எலுமிச்சைத் தோட்டங்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றுவதுதான் இப்போது அவளுடைய வேலை.

"அப்பா, இது நீங்கள் வேலை செய்த தோட்டம்தானே? முன்னுக்கு நிக்கிறவர் ஆர்?"

பார்த்தேன். கையில் மண்வெட்டி, தலையில் தொப்பி, காலடியில் வாய்க்கால். நனைந்த மண்ணும் அழுகிய எலுமிச்சையும் மணத்தன, கணினியில் மணம் வராது என்பது எனக்கும் தெரியும். எங்கள் கங்காணி! பின்னால், கல் தொட்டியடியில், குனிந்த முதுகு ஒன்று. அந்த நீலச் சட்டை என்னுடையது. அன்று என்னிடம் இருந்ததே இரண்டு சட்டைகள்.

அங்கே தொட்டியில் தண்ணீரைத் தேக்கிவைத்து மடையைத் திறப்போம். தண்ணீர் வாய்க்கால் வழியே மரத்துக்கு மரம் ஓடும். ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை வெட்டி அடுத்ததற்கு மாறவேண்டும். ஊரில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிய கைக்கு அது பெரிய வித்தையா? கங்காணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். நானும் வெட்கமில்லாமல் ஓடுவேன்.

ஒருநாள் நான் தோட்டத்தின் கடைசியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மடையைத் திறந்த கங்காணி அதை மறந்து சாப்பிடப் போய்விட்டார். முதலாளி சிஞ்ஞோராவின் வீட்டு முற்றம் வெள்ளமாகிவிட்டது. யார் செய்த வேலை என்று அந்த அம்மா கத்த, கங்காணி என் பக்கம் கையைக் காட்டி, "தமிழன்" என்றார். "நோ, சிஞ்ஞோரா, நோ" என்பதற்குமேல் எனக்கு இத்தாலி மொழி தெரியாது. இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வழக்காடுவது?

வேலை போனது. வேலைக் கடிதம் இல்லாததால் இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவும் இழுபட்டது. மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிட மூன்று வருடம் பிந்தியது. வந்திறங்கிய மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று கேட்டாள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அதே மகள்தான் இப்போது கேட்கிறாள்.

"கன பேரிட்டைக் கேட்டாச்சு அப்பா. ஒருத்தருக்கும் தெரியேல்லை."

எப்படித் தெரியும்? சிஞ்ஞோரா போய்ச் சேர்ந்துவிட்டார். கங்காணியும் பிள்ளை குட்டி இல்லாமல் செத்துப்போனார். அவருடைய பெயர், தகப்பன் பெயர், பட்டப்பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. காலையில் நற்கருணை வாங்கிய நாக்கு.

"தெரியாது, பிள்ளை" என்றேன். "பின்னுக்குக் குனிஞ்சு நிக்கிறது நான். அதை வடிவா எழுது."

என் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன். முன்னால் நிற்பவருக்குப் 'பெயர் தெரியவில்லை' என்று போட்டாள். உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அற்பன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோட்டம் இன்று கார் நிறுத்துமிடம். தொட்டியை இடித்துவிட்டார்கள், வாய்க்காலின் மேல் தார் போட்டாயிற்று. கங்காணியின் பெயர் மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. உங்களுக்கும் சொல்லமாட்டேன்.