கதவுக்குப் பின்னால் செங்கல்

அவரை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேலே வைக்காமல் நேர்கோடு இழுப்பார் என்பதால் வந்த பெயர். போர்டு எழுதும் பெயின்டர். மருந்துக்கடை, சலூன், டயர் கடை என்று எழுதிக்கொண்டிருந்தவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தொழிற்சாலைகள்தான் சோறு போட்டன. முன்பெல்லாம் தொழிற்சாலைச் சுவரில் எழுத இரண்டே வாசகங்கள்: புகை பிடிக்காதே, அனுமதியின்றி உள்ளே வராதே. பிறகு இங்கே துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறீர்களா? கழிவறை இருக்கிறதா? தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள்? கேள்விகள் வர வர, சுவர்கள் நிறைந்தன. ‘நேர்மையே எங்கள் முதலீடு’, ‘சமூகப் பொறுப்பு எங்கள் மூச்சு’ என்று அவர் எழுதாத வளாகம் அந்த வட்டாரத்தில் இல்லை.

“நல்லவங்க ஜாஸ்தியானா எனக்கு வேலையும் ஜாஸ்தி” என்று சிரிப்பார். எழுதியதை நம்பவும் செய்தார். அவருடைய மனைவி ஆறு வருஷமாக வேலை பார்த்த தையல் கம்பெனிக்கும் அவர்தான் எழுதினார்.

ஒரு வருஷம், துணி வாங்குகிறவர்கள் சார்பில் ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முந்தைய நாள் கம்பெனிக்கு வார விடுமுறை. மேனேஜர் அவரை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார். மனைவி தைக்கிற மாடி. அவர் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. வரிசை வரிசையாக மெஷின்கள் உறை போட்டுக் கிடந்தன. கடைசிச் சுவரில் ஒரு இரும்புக் கதவு. அதற்குப் பச்சை அடித்து, மேலே ‘அவசர வழி’ என்று எழுதி, தரையில் அம்புக்குறி போட வேண்டும். மேனேஜர் கீழே இறங்கிவிட்டார்.

சாயந்திரத்துக்குள் வேலை முடிந்தது. கதவின் ஓரம் மட்டும் பாக்கி. ஓரத்தில் பிரஷ் போகவேண்டுமென்று தாழ்ப்பாளை நீக்கி இழுத்தார்.

எதிரே செங்கல்.

மேலிருந்து கீழ்வரை பூசாத செங்கல். சிமென்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. இருட்டில் ஏதோ தப்பாகத் தெரிகிறதென்று கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. கையிலிருந்த பிரஷ் நழுவி, அவர் போட்ட அம்புக்குறியின் மேலேயே விழுந்தது.

மேனேஜரிடம் ஓடினார். அவர் காபி குடித்துக்கொண்டே சொன்னார்:

“அங்க இருந்த படிக்கட்ட ஸ்டோர் ரூமா மாத்திட்டோம். சரக்கு வைக்க இடம் பத்தல. நீங்க ஏன் அத திறந்தீங்க?”

“சார், மேல நூத்தியெம்பது பேரு உக்காந்து தைக்கிறாங்க!”

“முன்னாடி படி இருக்குல்ல? வர்றவங்க கதவு இருக்கான்னுதான் பாப்பாங்க. காலைல ஒரு தடவ வந்து டச்சப் பண்ணிக் குடுத்துடுங்க.”

வீட்டுக்கு எப்படி வந்தாரென்று அவருக்கே தெரியாது. மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவள் கை நிற்கவே இல்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அது அடைச்சது. ரெண்டு வருஷமாச்சு. எல்லாருக்கும் தெரியும்.”

அவள் ஈரக்கையைத் துடைத்தபடி சாதாரணமாகச் சொன்னாள். “நாங்க ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கோம். ரோட்டுப் பக்க ஜன்னல் ஒண்ணுல கம்பியோட ஸ்க்ரூவக் கழட்டிட்டோம், பார்த்தா தெரியாது. அதுக்குக் கீழ எப்பவும் துணி ரோல் கிடக்கும். அத வெளிய விட்டுப் பிடிச்சு இறங்கணும். மாசமா இருக்கறவங்க முதல்ல. யார் யாரைப் பிடிக்கணும்னுகூடப் பேசி வெச்சிருக்கோம்.”

“மூணு மாடிம்மா! ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்னை வேலைக்கு விடுவீங்களா? புள்ள ரெண்டும் படிக்க வேணாமா? நீங்க எதையும் கிளப்பிடாதீங்க.”

செங்கலைவிட, அந்த நூற்று எண்பது பேரும் டிபன் பாக்ஸ் திறந்தபடி இறங்குகிற வரிசையைப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை மூன்றாவது மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கு வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் ஃபைல். பச்சைக் கதவைப் பார்த்து, போட்டோ எடுத்து, ஃபைலில் ஒரு டிக் போட்டார். “எழுத்து அழகா இருக்கு” என்றும் சொன்னார்.

டச்சப் செய்ய வந்து ஓரமாக நின்றிருந்த ஸ்கேல் சொல்லிவிட்டார். “மேடம், அதைக் கொஞ்சம் திறந்து பாருங்க.”

மேனேஜர் குறுக்கே வந்தார். “பெயின்ட் காயல மேடம், கையில ஒட்டிக்கும்.”

“நேத்தே காஞ்சிடுச்சு. அடிச்சவன் நான்தான்.”

மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்தப் பெண்மணி தாழ்ப்பாளை நீக்கினார். திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இது எவ்ளோ நாளா இப்படி இருக்கு?”

நடு வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றவள் அவர் மனைவி.

“ரெண்டு வருஷமா மேடம்.”

அந்தப் பெண்மணி ஃபைலில் பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. “போன வருஷமும் நான்தான் வந்தேன்” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “சரின்னு டிக் போட்டிருக்கேன்.” அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அறிக்கையில் அவர் தன் பழைய டிக்கையும் சேர்த்து எழுதினார் என்று பிறகு தெரிந்தது. சரக்கு வாங்குகிறவர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். பதினோரு நாளில் அந்தச் செங்கல் சுவரை இடித்தார்கள், ஸ்டோர் ரூம் காலியாகி மறுபடி படிக்கட்டானது. மனைவியை வேலையிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். மூன்றாவது மாடி முழுக்க மெஷினை நிறுத்தியதால் விட்டுவிட்டார்கள். ஸ்கேலை மட்டும் அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. பக்கத்துக் கம்பெனிகளும் கொஞ்ச நாள் கூப்பிடவில்லை. மறுபடி டயர் கடைகளுக்கு எழுதப் போனார்.

அடுத்த வருஷம் மனைவி வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள், கம்பெனியின் ஆண்டறிக்கை. நடுப்பக்கத்தில் பெண்கள் அந்தப் படிக்கட்டில் சிரித்தபடி இறங்குகிறார்கள். கீழே: ‘பணியாளர் பாதுகாப்பில் நாங்களே முன்வந்து எடுத்த முயற்சி.’

“நாங்களே முன்வந்தா?” அவருக்குக் குரல் உயர்ந்தது. “எப்படிடா எழுத மனசு வந்துச்சு!”

“போட்டோவப் பாருங்க” என்றாள் அவள். “மூணாவது ஆளு நான்தான்.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவள்தான்.