வெர்லீனின் இடது கை

ஓத்தோ மேபின் செத்த செய்தி வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்தபோது, வெர்லீன் ஸ்ப்ராட்லி முந்நூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோக்காரர்கள் காலையிலிருந்தே ஓத்தோவின் பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராக் அண்ட் ரோலை முதன்முதலில் பியானோவில் தட்டி எழுப்பிய நாலைந்து பேரில் ஒருவன், அவன் இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பே இல்லை என்றெல்லாம் புகழ்ந்தார்களாம். சமையலறையில் ரேடியோ கிடையாது. ஓத்தோவின் தங்கை ஐசோலாதான் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து சொன்னாள்.

"சிகாகோ ஆஸ்பத்திரியில போயிட்டான், வெர்லீன். நம்ம சபையிலேருந்துதான் தன்னை எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"பாஸ்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அவரு டீக்கன் டிராமெல் மூஞ்சியப் பாக்குறாரு. டிராமெல் ஜன்னலப் பாக்குறாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபைக் கூட்டத்துல வெச்சுக் கேப்பாங்களாம். இல்லன்னு சொல்றதுக்கு அது ஒரு மரியாதையான வழி, வேற என்ன?"

ஐசோலா சொன்னதில் தப்பில்லை. எங்கள் பிஸ்கா மலைச் சபை ஓத்தோவை 1957-இல் தள்ளிவைத்தது. சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கனான டிராமெல் எழுந்து அவன் பெயரைச் சொன்னார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லாரும் கை தூக்கினார்கள், ஆள் வெளியே. திரும்பி வர ஒரே வழிதான் உண்டு. தன் காலால் நடந்து முன்னால் வந்து நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர்கள் வந்தார்கள், அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடினவர்கள் வந்தார்கள், அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டோம். ஓத்தோ மட்டும், "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று சொல்லியனுப்பிவிட்டு வராமலே இருந்துவிட்டான். இப்போது பிணத்தை நடந்து வரச் சொல்லவா முடியும்?

டிராமெலையும் சும்மா கரித்துக்கொட்டக் கூடாது. அவருடைய அம்மா சாகும் படுக்கையில் பாடிக்கொண்டிருந்த ஞானப்பாட்டின் ராகத்தை ஓத்தோ எடுத்து, வேகத்தை இரட்டிப்பாக்கி, சிவப்புப் பாவாடைக்காரி ஒருத்தியைப் பற்றி வார்த்தை போட்டு நாடெங்கும் பாடிவிட்டான். பெட்ரோல் போடப் போன இடத்தில் அந்த ராகத்துக்கு இரண்டு பயல்கள் இடுப்பை ஆட்டியதை டிராமெல் கண்ணால் பார்த்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. இங்கிலாந்திலிருந்து முடி வளர்த்த பிள்ளைகள் கேமராவும் கையுமாக ஓத்தோ பிறந்த வீட்டைத் தேடி வரும்போதெல்லாம், டிராமெல் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி, மிகுந்த மரியாதையோடு அவர்களை எதிர்த்திசையில் இருக்கும் பஞ்சு ஆலைப் பக்கம் அனுப்பிவைப்பார்.

வெர்லீனுக்கு இதில் என்ன வந்தது? அவள் இருபத்தொன்பது வருடமாக எங்கள் சபையின் பியானோக்காரி. அவள் மனசில் கிடந்த ஒரு சங்கதி யாருக்கும் தெரியாது.

பதினாலு வயதில் சனிக்கிழமைதோறும் அவள் சலவைக்கடையில் சட்டை தேய்க்கப் போவாள். சுவருக்கு அந்தப்புறம் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று இருந்தது. அந்தக் கடைக்குள் கால் வைத்தால் அப்பா தோலை உரித்துவிடுவார், அதனால் அவள் வைத்ததில்லை. ஆனால் சத்தத்துக்கு யார் வேலி போடுவது? சுவர் வழியாக ஓத்தோவின் குரல் வராது, வலது கையின் சேட்டைகளும் வராது. இடது கை மட்டும் வரும். பழைய சலவை இயந்திரம் போல உருண்டு உருண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை பிந்தி விழுகிற கை. தேய்க்கும் பலகையின் ஓரத்தில் வெர்லீனின் இடது விரல்கள் தாமாகவே அதைப் படித்துக்கொண்டன.

பதினேழு வயதில் சபைப் பியானோவில் உட்காரவைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தில் இருந்ததை வலது கைக்குக் கொடுத்தாள். சுவர் வழியாகக் கேட்டதை இடது கை பிடித்துக்கொண்டது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள், அவ்வளவுதான். முதல் ஞாயிறே, சபையே தாயாக மதிக்கும் மதர் யூலா தொப்பி பறக்கத் துள்ளி எழுந்து கூவினாள். இந்தப் பெண்ணுக்கு ஆவியின் அபிஷேகம் இருக்கிறது என்று ஊரே சொன்னது. எங்கிருந்து வந்த அபிஷேகம் என்று அவள் சொல்லவில்லை. முதலில் பயம். அப்புறம் வருடங்கள் ஓடியதில் சொல்வதற்கான நேரம் தாண்டிப்போயிற்று. புருஷன் ராஸ்கோ டெட்ராய்ட்டுக்கு வேலைக்குப் போனவன் அப்படியே போனான். அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பியானோவும் அதன் முன்னால் கிடந்த பெஞ்சும்தான்.

சனிக்கிழமை வெள்ளை உடையைத் தேய்க்கும்போது அவளுக்கு மனசு ஆறவில்லை. உண்மையைச் சொன்னால் பெஞ்சு போய்விடும், சொல்லாவிட்டால் ஓத்தோ வாசலோடு நிற்பான். அவனை உள்ளே விடமாட்டார்கள் என்றால், அவன் கையை மட்டும் நான் எந்த முகத்தோடு உள்ளே கொண்டுபோவது? அதனால் ஞாயிறன்று கொண்டுபோகவில்லை.

புத்தகத்தில் என்ன அச்சாகி இருந்ததோ அதை மட்டும், ஒரு புள்ளி பிசகாமல் வாசித்தாள். அப்படி ஒரு ஆராதனையை நான் பார்த்ததில்லை. பாடகர் குழு எப்போது ஆடி அசைவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தது. பாஸ்டர் பிரசங்கத்தில் குரலை ஏற்றி ஏற்றிப் பார்த்தார், தூக்கிவிடக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பத் திரும்ப இறங்கினார். வாரம் தவறாமல் கூவும் மதர் யூலா, காகித விசிறியால் விசிறிக்கொண்டு கல்லுச்சிலையாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் தொடங்கியது. ஐசோலா எழுந்து அண்ணனுக்காகக் கேட்டாள். டிராமெல் எழுந்தார்.

"எனக்கு அந்த மனுஷன்மேல பகையில்ல. ஆனா அவன் சங்கீதத்துக்கு இந்த வீட்டுல எடமில்லன்னு நாம அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். அதுல ஆவியானவர் எறங்கினதில்ல, எறங்கவும் மாட்டார்."

"அது இருக்கட்டும் டீக்கன், இன்னைக்கும்தான் எறங்கல," என்றாள் மதர் யூலா. "ஏண்டி வெர்லீன், உனக்கு என்ன ஆச்சு? கை சுளுக்கா? தண்ணியில ஊறின ரொட்டியாட்டம் இருந்துச்சு இன்னைக்குப் பாட்டு."

வெர்லீன் எழுந்தாள். பியானோ பக்கம் போகவில்லை. மன்னிப்புக் கேட்பவர்கள் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றாள். "அய்யோ, இவளுமா? எவன்கூட?" என்று பின்வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"ஓத்தோ மேபின்கூட," என்றாள் வெர்லீன். "இருபத்தொம்பது வருஷமா நான் உங்களுக்கு வாசிச்சது அவனோட இடது கை. சலவைக்கடைச் செவுத்து வழியாக் கேட்டுக் கத்துக்கிட்டேன். இன்னைக்கு அத வீட்டுல விட்டுட்டு வந்தேன். அதான் உங்களுக்கு இப்படி இருந்துச்சு."

"பொய்!" என்றார் டிராமெல்.

"உங்க மக ஞானஸ்நானத்துக்கு வாசிச்சதும் அதான் டீக்கன். உங்க வீட்டம்மாவ அடக்கம் பண்ண அன்னைக்கு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னீங்களே, அப்ப வாசிச்சதும் அதான்." அவள் டிராமெலை நேராகப் பார்த்தாள். "உங்கம்மா ராகத்த அவன் வெளிய எடுத்துட்டுப் போனான். சரி. அவன்கிட்டேருந்து நான் திரும்ப உள்ள கொண்டாந்தேன். அவனத் தள்ளிவெச்சா என்னையும் தள்ளிவெங்க. எங்கள்ல பாதிய வெச்சுக்கிட்டு பாதிய வாசல்ல நிறுத்தாதீங்க."

விசிறிகள் நின்றுவிட்டன. யாராவது ஏதாவது முன்மொழிகிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். எல்லாரும் டிராமெலைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். கைத்தடியை ஊன்றி எழுந்தது மதர் யூலா.

"ரெண்டு பேரையும் சேத்துக்கலாம்னு நான் சொல்றேன்."

"தள்ளிவெக்கப்பட்டவங்க தானா வந்து முன்னால நிக்கணுமே, மதர்?"

"அவன் வாராவாரம் வந்துட்டுத்தான இருந்திருக்கான் பாஸ்டர். நமக்குத்தான் தெரியல."

பின்வரிசைக்காரிதான் வழிமொழிந்தாள். கைகள் தூக்கப்பட்டன. டிராமெலின் கை தூக்கப்படவில்லை, ஆனால் வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டபோதும் அது தூக்கப்படவில்லை.

சேர்த்துக்கொள்ளப்பட்டவரின் வலது கையைச் சபையில் ஒருவர் விடாமல் வரிசையில் வந்து பிடித்துக் குலுக்கவேண்டும், அது எங்கள் முறை. முதலில் வந்த மதர் யூலாவிடம் வெர்லீன் வலது கையை நீட்டினாள். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"அது உன் கை. அவன் கையக் குடு."

வெர்லீன் இடது கையை நீட்டினாள். மதர் யூலா பிடித்துக் குலுக்கினாள். அடுத்து ஐசோலா, அந்தக் கையில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு பாடகர் குழு, பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். அடுப்புச் சூடுபட்டுத் தழும்பேறிய அந்தத் தடித்த விரல்களை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்தார்கள். வெர்லீனுக்குக் கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை.

கடைசியில் டிராமெல் மட்டும் மிச்சம். தொப்பியைக் கையில் எடுத்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் முன்னால் வந்தார். வெர்லீனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அடக்கம்," என்றார். "எங்கம்மா பாட்ட வாசி."

"சரி, டீக்கன்."

"புத்தகத்தப் பாத்து வாசிச்சிடாத."